இரண்டாவது கரண்டி

நான்கு வடையால் என் துபாய் போய்விட்டது என்று நான் தூக்கமில்லாமல் அலைந்த ஒரு வாரம் உண்டு. வடையை நான் தின்னவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஓட்டலின் ரெஸ்டாரண்டில் பரிமாறுகிற வேலை எனக்கு. பெரிய கோயிலைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க ஆரம்பித்திருந்த காலம். ஊருக்கு வெளியே, முந்தாநாள் வரை வயலாக இருந்த இடத்தில், நீச்சல் குளமும் புல்தரையுமாக அந்த ஓட்டலைக் கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தால் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். பித்தளை உருளியில் பூ மிதக்கும். மேசைக்கு வெள்ளைத் துணி, விசிறி மாதிரி மடித்து நிறுத்திய நாப்கின், வலது பக்கம் கத்தி, இடது பக்கம் முள்கரண்டி. வீணை கேசட் ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் அந்த வாசிப்பை எங்கேயாவது கேட்டால் நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடவாசல் பக்கம். கேட்டரிங் டிப்ளமா படித்தவன். அதற்கும் முன்னால், சொந்தக்காரர் கல்யாணங்களில் சாம்பார் வாளி தூக்கிப் பழகியவன். பரிமாறுவதில் எனக்கு எவனும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற திமிர் நிறையவே இருந்தது. அந்தத் திமிருக்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துபாய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடந்த இன்டர்வியூவில் துபாயில் உள்ள ஒரு ஓட்டலுக்கு என்னை எடுத்திருந்தார்கள். பாக்கி ஒரே ஒரு காகிதம்தான். இப்போது வேலை பார்க்கிற இடத்து மேலாளர் கையெழுத்துப் போட்ட அனுபவக் கடிதம், ஆள் எப்படி என்று நாலு வரியோடு. அதை மாதம் முடிவதற்குள் தஞ்சாவூரிலேயே இருந்த ஏஜெண்டிடம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்தவன் போய்விடுவான். இரண்டு வருடமாக ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்து, அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பையன் துபாய்க்குப் போயாச்சு என்று டீக்கடையில் சொல்லியே முடித்துவிட்டார். நான் லீவில் ஊருக்குப் போனால், "எப்பப்பா துபாய்லேர்ந்து வந்தே?" என்று கேட்கிறார்கள். கும்பகோணத்தில் பஸ் மாறி, படியில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கியவனைப் பார்த்து! எனக்கு மானம் போனது. அதற்குமேல் பயமாகவும் இருந்தது. போகாவிட்டால் அந்தத் தெருவில் அப்பா எப்படி நடப்பார்?

எங்கள் மேலாளர் பம்பாய்க்காரர். கப்பலில் எல்லாம் வேலை பார்த்தவர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் சட்டம் என்றால் சட்டம்தான் அவருக்கு. தமிழில் ஏழு வார்த்தை தெரியும். வணக்கம், வாங்க, நன்றி, சீக்கிரம், போதும். மிச்சம் இரண்டு, சமையற்கட்டில் கற்றுக்கொண்டவை, இங்கே எழுத முடியாது. தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி நகத்தையும் ஷூவையும் பார்ப்பார். பிறகு ஆங்கிலத்தில் தன்னுடைய சட்டத்தைச் சொல்வார். விருந்தினரை ஒருமுறை கேள். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடு. ஒருமுறை கேட்டால் உபசரிப்பு, மறுமுறை கேட்டால் தொந்தரவு. நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சொல்வோம். ஆனால் எங்கள் பக்கத்துச் சாப்பாடு அப்படி இல்லையே!

எங்கள் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்த மனிதர், முதல் தடவை கேட்டதும், "ஆமா, போடு" என்று சொல்லவே மாட்டார். சொன்னால் சோற்றுக்கு அலைகிறவர் என்று பேராகிவிடும். அதனால், "போதும், போதும்" என்பார். பரிமாறுகிறவன் அதைக் காதிலேயே வாங்கக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும். இலைக்கு மேலே கையைக் குறுக்கே விரித்து, உடம்பையும் குனிந்து மறைத்தால் நிஜமாகவே வயிறு நிறைந்துவிட்டது. கை பாட்டுக்கு இலை ஓரத்தில் கிடந்தால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் உட்காரவே மாட்டார். பின்னாலேயே நடந்து வந்து, "என்னப்பா பரிமாறுற, அள்ளி வையி" என்று நம்மை அதட்டுவார். இரண்டாவது கரண்டி விழுந்தால்தான் வந்தவருக்கு மரியாதை. சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

எங்கள் ரெஸ்டாரண்டுக்கு உள்ளூர்க் குடும்பங்களும் வர ஆரம்பித்திருந்தன. டாக்டர்கள், ரைஸ்மில் முதலாளிகள், அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்திருக்கிறான் என்று கிளம்பி வருகிற வாத்தியார் வீட்டார். எல்லோரும் முறைப்படி ஒருமுறை போதும் என்பார்கள். நாங்களும் எங்கள் முறைப்படி தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பாவம், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒருநாள் என் வேலை முடிந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். மதியம் எங்கள் மேசையில் கத்தியும் முள்ளுமாக உட்கார்ந்திருந்த ரைஸ்மில்காரர் குடும்பமே பரோட்டாக் கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

சாப்பிட்டவர்கள் தங்கள் கருத்தை எழுதுவதற்கு மேசையில் ஒரு அட்டை வைத்திருப்போம். உள்ளூர்க்காரர்கள் அதில் 'சுமார்' என்று எழுதுவார்கள். 'அளவு குறைவு' என்று எழுதுவார்கள். மேலாளர் சமையற்கட்டில் போய்க் கத்துவார். கிண்ணத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்; அப்போதும் அதே கதைதான். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. பம்பாய்க்காரருக்கு இதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். காலை டிபன். அந்த அம்மாள் முதல் வடையைத் தின்றுவிட்டு ஆகா என்று கண்ணை மூடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நன்றி என்று சிரித்தார். கையைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. தட்டை மறைக்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வைத்தேன். அவர் புருஷனைப் பார்த்தார், பிறகு அதையும் தின்றார். மறுபடி கேட்டேன், மறுபடி வேண்டாம் என்றார், மறுபடியும் கை மடியில்தான் இருந்தது. இப்படியே நான்கு. நாலாவது வடையோடு அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டபோதுகூட, ரசித்துச் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். என்ன ஜென்மமோ நான்!

மறுநாள் கோயிலுக்கு அவர் புருஷன் மட்டும்தான் போனார். போவதற்கு முன்னால் அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போனார். மேலாளர் அதைக் காலை வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். 'இங்கே பரிமாறும் இளைஞர் மிகவும் அன்பானவர். ஆனால் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதை அவர் நம்புவதே இல்லை. என் மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை.' கூட நின்றவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரிசை கலைந்ததும் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றார். இதே மாதிரி இன்னொரு அட்டை வந்தால் அந்தக் கடிதத்தை மறந்துவிடு என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

அதிலிருந்து நான் ஒழுங்காகிவிட்டேன். ஒருமுறை கேட்பது, நகர்ந்துவிடுவது. கையைப் பார்ப்பதே இல்லை. பார்த்தால்தானே வம்பு?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முத்துப்பேட்டையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். விருந்து கொடுப்பவர் சவுதியில் வேலை பார்த்து லீவில் வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட அவருடைய உம்மா. மற்ற நாலு பேரும் விருந்தாளிகள்: புதிதாகக் கல்யாணமான அவருடைய தங்கை, தங்கையின் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய் தகப்பன். கல்யாணத்தின்போது சவுதிக்காரருக்கு லீவு கிடைக்கவில்லையாம். சம்பந்தி வீட்டாரை முதன்முதலாக அன்றைக்குத்தான் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்.

"வீட்ல மாடி எடுக்குறோம் தம்பி. அடுப்பங்கரையில ஜல்லியும் மணலுமா கெடக்கு. அதான் இங்கேயே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். நல்லா கவனிச்சுக்கணும்" என்றார். கறி ஹலால்தானே என்று கேட்டார். எங்களுக்குக் கறி கொடுப்பவரே பள்ளிவாசல் தெருக்காரர்தான் என்றதும் நிம்மதியாக உட்கார்ந்தார். மட்டன் பிரியாணி, தாளிச்சா, கோழி வறுவல், கடைசியில் ஒரு இனிப்பு என்று சொன்னார்.

சம்பந்திப் பெரியவர், மாப்பிள்ளையின் வாப்பா, வெள்ளைத் தாடியும் நல்ல உயரமுமாக இருந்தார். முன்னால் இருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆளுக்கொரு தட்டா? நாமெல்லாம் ஒரே சஹன்ல நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்புடுறவங்க. யாரு எவ்வளவு தின்னான்னு யாருக்கும் தெரியாது. இங்க அவங்கவங்க வண்டவாளம் அவங்கவங்க தட்டுலயே தெரிஞ்சிரும் போலருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முதல் சுற்றுப் பரிமாறினேன். எங்கள் ரெஸ்டாரண்டு அளவில்தான்: நாலு கவளம் பிரியாணி, அதன்மேல் ஒரு துண்டு கறி, ஓரத்தில் அலங்காரத்துக்கு ஒரு புதினா இலை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆறு தட்டும் காலியாகிவிட்டது. நான் பாத்திரத்தோடு போய், பெரியவரிடம், "இன்னும் கொஞ்சம், சார்?" என்றேன்.

"போதும் தம்பி."

அவர் மனைவி, "போதும்ப்பா." மாப்பிள்ளை, "போதுங்க." சுற்றி ஆறு பேரும் போதும் என்றார்கள். கண்ணாடிக் கதவு ஓரத்தில் நின்றிருந்த மேலாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல பையன் என்று அர்த்தம். நான் பாத்திரத்தை ஓரமாக இருந்த சின்ன மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் கண் போய்விட்டது. ஒரு கைகூடத் தட்டை மறைக்கவில்லை. எல்லாக் கையும் காலித் தட்டு ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியபடி அப்படியே கிடந்தன.

பெரியவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் குடித்தார். அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "எல்லாம் அளவாத்தான் வைக்கிறாங்க" என்றார், பொதுவாகச் சொல்கிற மாதிரி. புதுப்பெண் அண்ணனை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். உங்கள் வீட்டு விருந்தில் அரை வயிறுதான் சாப்பிட்டோம் என்று யாராவது ஒருத்தர் சொன்னால், ஆயுசுக்கும் அது அவள் தலையில்தான் விடியும்.

சவுதிக்காரர் எழுந்து கை கழுவப் போகிற மாதிரி என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"குடவாசல் பக்கங்க."

"குடவாசல்லேர்ந்து வந்துட்டு, ஒரு தடவ கேட்டுட்டுப் போயி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, நாயமா இது?"

எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டாவது தடவ கேக்கக் கூடாதுன்னு இங்க சட்டங்க. அந்தா நிக்கிறாரு பாருங்க மேனேஜர். கேட்டா என் வேலைக்கே வேட்டு" என்றேன்.

"நானே எந்திரிச்சு நின்னு வைக்கலாம்னு பாத்தேன். இங்க எந்திரிச்சா சுத்தி இருக்குறவன் பூரா பாக்குறான். கரண்டியும் உங்க கையில இருக்கு. நான் என்ன செய்ய, சொல்லுங்க? நாலு வருசம் கழிச்சு வந்து தங்கச்சி வீட்டுக்கு ஒரு சோறு போடுறேன் தம்பி." சட்டென்று திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மேலாளர்மேல், சட்டத்தின்மேல், வடையின்மேல், எல்லாவற்றையும்விட என்மேல். சாம்பார் வாளி தூக்கியவன் என்று பெருமை பேசினேனே, என் கண்ணெதிரில் ஒரு சம்பந்தி வீடு பட்டினி கிடக்கிறது! இன்னொரு பக்கம் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து துபாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதும் கண்ணில் வந்தது. பிறகு, போனால் போகட்டும் என்று சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

"பிரியாணி. பெரிய தாம்பாளத்துல" என்றேன்.

"யாருக்குடா?" என்றார் சமையல்காரர்.

"சம்பந்திக்கு."

அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. குவித்து வைத்தார். கறித் துண்டுகளைத் தேடி எடுத்து மேலே அடுக்கினார், ஓரத்தில் கோழி வறுவலையும் வைத்தார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரியவரிடம் போனேன். ரெஸ்டாரண்டில் பரிமாறுகிற முறை எல்லாம் எங்கோ போய்விட்டது.

"என்ன மாமா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள போதும்ங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். சார் என்று சொல்லவேண்டிய வாய் மாமா என்றது. கரண்டி நிறைய அள்ளி வைத்தேன்.

"அட, போதும் தம்பி, போதும்!" என்றார். கை அசையவே இல்லை. இன்னொரு கரண்டி வைத்தேன்.

"மாமி, நீங்க கோழியத் தொடவே இல்லையே? இது நல்லாருக்காதுன்னு யாரு சொன்னா?"

"அய்யோ, வேணாம்ப்பா, நான் அதிகம் சாப்புடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். சவுதிக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மச்சானுக்கு வையிங்க தம்பி, சும்மா சொல்றாரு! நல்லா வையிங்க!" என்று என்னை அதட்ட ஆரம்பித்தார். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில்தான் பெரியவர் தட்டின் மேலே கையைக் குறுக்கே விரித்து, தாடி தட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து மறைத்தார். அப்புறம்தான் நான் அவரை விட்டேன். அந்தப் பெண் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

திரும்பினால், கண்ணாடிக் கதவு ஓரத்தில் மேலாளர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது பெரியவர் அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெகுநேரம் எழுதினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையைப் பிடித்து, "நல்லாருப்பா" என்றார். அவர்கள் வேன் வாசலைத் தாண்டுவதற்குள் மேலாளர் அட்டையை எடுத்துவிட்டார். தமிழில் இருந்தது. என்னிடம் நீட்டி, படித்துச் சொல் என்றார்.

சத்தமாகவே படித்துவிட்டேன். பெரியவர் எழுதியிருந்தது இதுதான்: 'போதும் போதும் என்று எவ்வளவோ சொன்னோம். இந்தத் தம்பி கேட்கவே இல்லை. எழுந்திருக்க முடியவில்லை.'

ஒரு நிமிடம், வேறு எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றியது உண்மை. அவருக்குத் தெரிந்த ஏழு வார்த்தையில் 'போதும்' இருந்து தொலைத்ததே! உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக்காரரின் அட்டையை எடுத்தார். அதை இன்னும் வைத்துக்கொண்டிருந்தார்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இவர்களுக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"இல்லை சார். இது பாராட்டு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீழே இருந்த கட்டங்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் மிக நன்று என்று டிக் போட்டிருந்தார் பெரியவர். உணவு, உபசரிப்பு, சுத்தம், நீச்சல் குளம்.

நீச்சல் குளத்தை அவர்கள் பார்த்தார்களா என்றார் மேலாளர்.

"பார்க்கவில்லை சார்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. பந்தி, முதல் தடவை மறுப்பது, கையைப் பார்ப்பது, ரைஸ்மில்காரரும் பரோட்டாவும், 'சுமார்' என்று வந்த அட்டைகளுக்கு என்ன காரணம் என்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் ஆங்கிலம் எங்கெங்கோ இடித்துக்கொண்டு போனது. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்த வெள்ளைக்கார அம்மாளின் கை?

"மடியில் இருந்தது சார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்."

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு என்றால் மாதத்தின் கடைசி நாள். என்ன நினைக்கிறார் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை வரிசையில் நகம் பார்த்தார், ஷூ பார்த்தார். சட்டத்தைச் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. மதியம் விருந்தினர் எல்லோரும் போன பிறகு, மூன்றரை மணிக்கு, வேலையாட்கள் சாப்பிடுகிற பின்கட்டு அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் எழுந்தோம். உட்காரச் சொல்லிவிட்டு அவரும் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை மட்டும் காட்டி, நீ பரிமாறு என்றார்.

சோறு, சாம்பார், வாழைக்காய் வறுவல். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைய ஆரம்பித்தார். ஐந்து விரலிலும் சாம்பார். இடையிடையே சட்டையில் வேறு சிந்தியது. தட்டு காலியானதும் நான் வாளியோடு போய் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம், சார்?"

"போதும்" என்றார், தமிழில்.

சட்டப்படி நகர்ந்துவிட வேண்டும். ஒருவேளை அதைத்தான் பார்க்கிறாரோ? நகராமல் நின்றால் துபாய் கைவிட்டுப் போகும். நகர்ந்தால் நேற்றுச் சொன்னதெல்லாம் பொய்யாகும். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கடைசியில் நான் அவர் கையைப் பார்த்தேன். தட்டு ஓரத்தில், விரல்கள் விரிந்து, பருக்கை ஒட்டியபடி, சும்மா கிடந்தது.

ஒரு கரண்டி சோறு வைத்தேன். மேலே தாராளமாகச் சாம்பாரை ஊற்றினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். வேகவேகமாகச் சாப்பிட்டார். பாதியில் இடது கையால் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பிரித்தேன். கடிதம். கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தது. கடைசி வரியில், விருந்தினர் வாயால் சொல்லாததையும் கவனிக்கிறவர் என்று இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் முந்தின நாள் தேதி.

ஆக, அந்தப் பெஞ்சில் அவர் என்னைச் சோதிக்கவே இல்லை. காலையிலிருந்து ஓடியாடிய மனிதருக்கு வெறும் பசி. அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாக அழுதேன், கடிதமும் கையுமாக, அத்தனை பேர் முன்னால். கூட இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். சமையல்காரர், எழுத முடியாத அந்த இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்லி என் முதுகில் ஒன்று போட்டார். உடனே ஓடிப்போய் எஸ்டிடி பூத்திலிருந்து டீக்கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் பரிமாறுகிறவன் பாதிப் பந்தியில் போகக் கூடாது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கி, மறுபடி கரண்டியை நிரப்பினேன். "இன்னும் கொஞ்சம், சார்?"

அவர் கையைத் தட்டுக்குக் குறுக்கே விரித்தார். டையும் சாம்பாரில் விழ, குனிந்து தட்டை முழுசாக மறைத்துக்கொண்டார்.

"போதும்ப்பா" என்றார்.

வாளியைக் கீழே வைத்தேன்.